கழுத்தில் வளைந்த மண்வாரி: எவர்சில்வர் தோண்டுகருவி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பார்சலைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது குழாயின் நெளிவு. அலகுக்கு ஒரு விரற்கடை மேலே, தோண்டுபவர் நிற்கும் பக்கமாக, கட்டைவிரலை வைத்து அழுத்தியது போல ஒரு குழி. திருப்பிப் பார்த்தேன். எதிர்ப்பக்கத்தில், வெல்டிங் வரிக்கும் குழாய்க்கும் நடுவே தலைமுடி ஒட்டிக்கொண்டது போல ஒரு கோடு. நகத்தை வைத்து இழுத்தேன், தடுக்கியது. வெடிப்பேதான்.

நான் செய்த மண்வாரி அது. மண்ணில் புதைந்த நாணயம், உலோகப் பொருள்களைத் தேடி மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு வயல், ஆற்றோரம், கடற்கரை என்று சுற்றுபவர்களுக்காக எவர்சில்வரில் தோண்டுகருவிகள் செய்கிறேன். தகடு வெட்டுவது, வளைப்பது, வெல்டிங், சாணை, மெருகு எல்லாமே கைவேலை. ஒரு கருவி திரும்பி வந்தால் வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. ஆகவே இதைப் பழுது பார்த்து அனுப்பிவிடாமல், ஏன் வளைந்தது என்று கடைசி வரை போய்ப் பார்த்தேன். அதன் முழு விவரம் இது. இதே வேலை செய்பவர்களுக்கும், கருவி வாங்கும்போது எதைப் பார்ப்பது என்று யோசிப்பவர்களுக்கும் உதவும்.

கருவியின் அளவுகள்: மொத்த உயரம் சுமார் 1 மீட்டர். மேலே டி வடிவக் கைப்பிடி. காம்பு 32 மி.மீ. வெளிவிட்டமுள்ள குழாய், சுவர் 1.5 மி.மீ. அலகு 2 மி.மீ. தகடு, நீளம் 20 செ.மீ., கீழே குறுகிக் கூராக முடியும், ஒரு பக்கம் வேர் அறுக்க ரம்பப் பல். எல்லாம் 304 என்ற எவர்சில்வர் ரகம். குழாயின் அடியை அலகின் மேல்விளிம்போடு சேர்த்துச் சுற்றிவர டிக் வெல்டிங் (ஆர்கான் வாயுவின் காப்பில் செய்யும் மின்வெல்டிங்). பார்க்க அழகாக இருக்கும். அந்த அழகான வளையத்தில்தான் வெடித்திருந்தது.

எப்படிப் பயன்பட்டது

அனுப்பியவரிடம் பேசினேன். என்னைவிடச் சின்னவர். "அண்ணா, உடையல. ஆனா இனிமே நம்பி மிதிக்க முடியாது" என்றார். எட்டு மாதம் பயன்படுத்தியிருக்கிறார். வாரத்தில் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள். பெரும்பாலும் களிமண் நிலம், நடுநடுவே கல்லும் வேரும். மாதம் ஒருமுறை கடற்கரை.

தோண்டும் முறையைக் கேட்டேன். எல்லோரும் செய்வதைத்தான் செய்திருக்கிறார். டிடெக்டர் சத்தம் கொடுத்ததும் காயிலை, அதாவது உலோகத்தை உணரும் அதன் அடித்தலையை, குறுக்கும் நெடுக்கும் ஆட்டி இடத்தைக் குறிப்பது. அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் குதிரை லாடம் போல மூன்று பக்கம் வெட்டுவது. நான்காவது பக்கத்தை வெட்டாமல் கீல் மாதிரி விட்டு, புல்லோடு மண்கட்டியைப் புரட்டுவது. பின்பாயிண்டர் என்ற சிறிய கை டிடெக்டரால் குழியையும் கட்டியையும் துழாவி, கிடைத்ததை எடுத்துக்கொண்டு, உதிர்ந்த மண்ணைத் திரும்பக் கொட்டி, கட்டியைக் கவிழ்த்து மிதித்துவிட்டால் சில நாளில் புல் பழையபடி பிடித்துக்கொள்ளும். நிலத்துக்காரர் மறுமுறை அனுமதி கொடுப்பது இந்த ஒட்டுவேலையைப் பார்த்துத்தான்.

மண்கட்டியைப் புரட்டும் அந்த நொடியைக் கவனியுங்கள். அலகு முழுக்க மண்ணுக்குள் இருக்கிறது. தோண்டுபவர் கைப்பிடியைத் தன் பக்கம் இழுக்கிறார். ஈரக் களிமண் கட்டியைக் கீழிருந்து உறிஞ்சிப் பிடிக்கிறது, அடியில் ஒரு வேர் வேறு. இப்போது அது மண்வாரி இல்லை, கடப்பாரை. ஒரு நாளைக்கு ஐம்பது குழி என்றால் ஐம்பது தடவையும் அந்தக் கழுத்து நெம்புகோலாக வளைந்து நிமிர்கிறது.

"மண்வாரியை நெம்பப் பயன்படுத்தாதீர்கள்" என்று ஒரு சீட்டு அச்சடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டால் செய்தவனுக்கு வேலை முடிந்துவிடும். எனக்கு அது ஒப்பவில்லை. களத்தில் நிற்கும் ஒருவரும் நெம்பாமல் தோண்டுவதில்லை. நான்கு பக்கமும் வெட்டி, ஆட்டி ஆட்டித் தளர்த்தி, பிறகு தூக்குவதுதான் நிதானமான முறை. நானும் வெயிலில் முப்பதாவது குழியில் அதை மறந்துவிடுவேன். நெம்புவதும் இந்தக் கருவியின் வேலைதான், அதற்குத் தாங்குகிற மாதிரிதான் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொண்டு மேலே போனேன்.

வெட்டிப் பார்த்தது

முதலில் சாயச் சோதனை. வெல்டிங் வரியைச் சுத்தமாகத் துடைத்து, சிவப்புச் சாயம் பூசி, பத்து நிமிடம் ஊறவிட்டு, துடைத்தெடுத்து, மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்தேன். வெடிப்புக்குள் புகுந்த சாயம் வெள்ளையின் மேல் மெல்லக் கசிந்து வந்தது. கண்ணுக்கு 6 மி.மீ. போலத் தெரிந்த கோடு, சாயத்தில் 11 மி.மீ. நீண்டது. சரியாக வெல்டிங்கின் கால்விளிம்பில், குழாயோடு அது சேரும் மடிப்பில் ஓடியது. அங்கே நான் கரண்டைக் கொஞ்சம் அதிகமாக வைத்ததில் ஒரு நூலிழை ஆழத்துக்குக் குழாய்ச் சுவர் அரிந்து போயிருந்தது. லென்ஸ் வைத்தால்தான் தெரியும் அளவு. 1.5 மி.மீ. சுவரில் அதுவே பெரிய இழப்பு.

அடுத்துக் குழாயை நெடுக்காக இரண்டாகப் பிளந்தேன். உள்ளே பார்த்ததும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. வெல்டிங்கின் உட்புறம் கருகிய நுரை போலப் பொரிந்து கிடந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வெல்டு செய்யும்போது வெளிப்பக்கத்தை டார்ச்சிலிருந்து வரும் ஆர்கான் காக்கிறது. உட்பக்கத்தைக் காக்க யாரும் இல்லை. குழாய்க்குள்ளும் ஆர்கானை நிரப்பினால்தான் அந்தப் பக்கம் காற்றுப் படாமல் ஆறும். அவசரத்தில் நான் அதைச் செய்யவில்லை. அப்படிப் பொரிந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் மேடு பள்ளம், ஒவ்வொரு பள்ளமும் வெடிப்பு தொடங்க ஓர் இடம்.

மூன்றாவது காரணம் உலோகத்திலேயே இருக்கிறது. கார்பன் எஃகைக் காய்ச்சித் தோய்த்தால் இறுகும். 304-க்குத் தோய்ச்சல் ஏறாது. அது இறுகுவது சூடாக்காமல் அடிபடும்போதும் வளைபடும்போதும் மட்டும்தான். தகட்டைச் சுருட்டிக் குழாயாக்கும்போதே அதற்கு ஓரளவு இறுக்கம் ஏறியிருக்கும். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்த இறுக்கம் கலைந்து, உலோகம் தன் மென்மையான நிலைக்குத் திரும்பிவிடும். வெல்டிங்குக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு செ.மீ. மட்டும் மெத்தென்று, மேலே முழுக்க இறுக்கமாக. நெளிவு விழுந்திருந்ததும் அந்த மெத்தென்ற வளையத்தில்தான்.

போதாததற்கு, 304 வெப்பத்தைக் கடத்துவதில் சோம்பேறி. சாதாரண எஃகு கடத்துவதில் மூன்றில் ஒரு பங்குதான் இது கடத்தும். சூடு பரவாமல் அங்கேயே தேங்கி நிற்கும்.

கணக்கு

ஊகத்தோடு நிறுத்தக் கூடாது என்று கணக்குப் போட்டேன். முதலில், ஒருவர் நெம்பும்போது எவ்வளவு இழுக்கிறார்? கைப்பிடியில் ஒரு தொங்கு தராசைக் கட்டி, ஈரக் களிமண்ணில் நானே இழுத்துப் பார்த்தேன். உடம்பைச் சாய்த்ததும் முள் 40 கிலோவைச் சிரமமில்லாமல் தாண்டியது. அதாவது கிட்டத்தட்ட 400 நியூட்டன். கைப்பிடியிலிருந்து கழுத்து வரை 75 செ.மீ. பெருக்கினால் கழுத்தில் 300 நியூட்டன் மீட்டர் வளைவிசை.

32 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. சுவர் உள்ள குழாயின் வளைவெதிர்ப்பு அளவு 1,047 கன மி.மீ. வளைவிசையை இதால் வகுத்தால் சதுர மி.மீ.க்கு 286 நியூட்டன். மென்மையான நிலையில் 304 நிரந்தரமாக வளையத் தொடங்கும் குறைந்தபட்ச எல்லை சதுர மி.மீ.க்கு 205 நியூட்டன். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. தலைகீழாகப் போட்டால், 29 கிலோ இழுப்பிலேயே கழுத்து வளையத் தொடங்கலாம். எட்டு மாதம் தாங்கியதே, குழாயின் உண்மையான வலிமை அந்தக் குறைந்தபட்சத்தைவிடக் கொஞ்சம் மேலே இருந்ததால்தான்.

வாங்க வருபவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி "என்ன ரகம்?", இரண்டாவது "எத்தனை மி.மீ. தகடு?". ஏமாற்றுப் பொருள்கள் நிறைய உலவுவதால் அந்தக் கேள்விகளில் தவறில்லை. ஆனால் இந்த மண்வாரியை, துருவை இன்னும் நன்றாக எதிர்க்கும் 316 ரகத்தில் செய்திருந்தாலும் இதே இடத்தில், ஏறக்குறைய இதே இழுப்பில் வளைந்திருக்கும். இரண்டுக்கும் வளையும் எல்லை ஒன்றுதான். அலகை 3 மி.மீ. ஆக்கியிருந்தால் இன்னும் மோசம். அலகு கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்காமல் நிற்க, எல்லா விசையும் கழுத்தில் போய்க் குவிந்திருக்கும். கருவியைக் கையில் வாங்கியதும் கழுத்தைப் பாருங்கள். குழாயும் அலகும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன, வெல்டிங் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். ரகம் துருவைப் பற்றிச் சொல்லும், தகட்டின் கனம் எடையைப் பற்றிச் சொல்லும். நெம்பினால் என்ன ஆகும் என்பதைக் கழுத்துதான் சொல்லும்.

முதலில் செய்த தவறான திருத்தம்

கணக்கைப் பார்த்த கையோடு எல்லோருக்கும் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது: குழாய்ச் சுவரைத் தடிமனாக்கு. அதே 32 மி.மீ. விட்டத்தில் 2.5 மி.மீ. சுவர் எடுத்து ஒரு மண்வாரி செய்தேன். கணக்கில் 44 கிலோ வரை தாங்கும். கையில் எடுத்தால் பாரம் தெரிந்தது. காம்பில் மட்டும் 600 கிராம் கூடிவிட்டது. அதே தம்பியிடம் ஒரு நாள் கொடுத்தனுப்பினேன். மாலையில், "அண்ணா, பலமா இருக்கு. ஆனா ஒரு கையில டிடெக்டர், ஒரு கையில இது. தோள் கழண்டுடுச்சு" என்றார். பாதி நாளுக்கு மேல் அதைத் தரையில் ஊன்றிவைத்துவிட்டு, சத்தம் கேட்டால் நடந்து போய் எடுத்து வந்திருக்கிறார். உடன் தூக்கிப்போக முடியாத கருவி எவ்வளவு பலமாக இருந்து என்ன?

அதன்பிறகு விட்டத்தைக் கூட்டிப் பார்த்தேன். 38 மி.மீ. விட்டம், சுவர் அதே 1.5 மி.மீ. வளைவெதிர்ப்பு 1,510 கன மி.மீ., தாங்கும் இழுப்பு 42 கிலோ. தடித்த குழாய்க்கும் இதற்கும் வித்தியாசம் 2 கிலோதான். ஆனால் காம்பில் கூடிய எடை 190 கிராம்தான், 600 இல்லை. குழாயின் மையத்திலிருந்து உலோகம் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவு வளைவை எதிர்க்கும். மூங்கில் உள்ளே வெற்றாக இருந்தும் நிமிர்ந்து நிற்பது இதனால்தான். தாளில் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும் இந்த விஷயம், இரண்டு மண்வாரிகளையும் இரண்டு கையில் பிடித்துப் பார்த்த அன்றுதான் எனக்கு உறைத்தது.

கழுத்தை மாற்றியது

42 கிலோ போதாது. என் இழுப்பே அதற்குப் பக்கத்தில் நிற்கிறது, என்னைவிடக் கனமானவர்கள் இருக்கிறார்கள். முழுக் காம்பையும் இன்னும் பெரிதாக்கினால் கையில் பிடிக்க முடியாது. பலம் தேவைப்படும் இடம் கழுத்து மட்டும்தானே? அங்கே மட்டும் உள்ளே இன்னொரு குழாயைச் செருகினேன். 2 மி.மீ. சுவர், 15 செ.மீ. நீளம்.

செருகும்போது ஒரு சிக்கல். தகட்டைச் சுருட்டி இணைத்த குழாய்களுக்கு உள்ளே நெடுக ஒரு தையல் மேடு இருக்கும். வெளியே சாணை பிடித்து மழமழப்பாக்கியிருப்பார்கள், உள்ளே அப்படியே கிடக்கும். உள்குழாய் அதில் இடித்துக்கொண்டு நுழையாது. அரத்தால் ராவிப் பார்த்து அலுத்துப்போய், கடைசியில் உள்குழாயை நெடுக்காக ஒரு கோடு பிளந்தேன். தையல் மேடு அந்தப் பிளவுக்குள் தண்டவாளத்தில் சக்கரம் போல உட்கார்ந்துகொள்கிறது. பிளந்ததால் குழாய் கொஞ்சம் சுருங்கி, அழுத்தி நுழைத்ததும் விரிந்து இறுகப் பிடிக்கிறது. தையலும் பிளவும் பக்கவாட்டில், அதாவது தோண்டுபவரின் இடது கைப்பக்கமோ வலது கைப்பக்கமோ வருமாறு திருப்பி வைத்தேன். நெம்பும்போது முன்பக்கம் இழுபடுகிறது, பின்பக்கம் நசுங்குகிறது, பக்கவாட்டில் மட்டும் ஏறக்குறைய ஒன்றும் நடப்பதில்லை. குறைகளை வைக்க அதுதான் பத்திரமான இடம்.

வெல்டிங்கையும் அதே பக்கத்துக்கு மாற்றினேன். பழைய கருவியில் வளையமாகச் சுற்றிய வெல்டிங், அதிகம் இழுபடும் முன்பக்கத்தைக் குறுக்கே வெட்டிப் போனது. வெடிப்புக்கு நானே கோடு கிழித்துக் கொடுத்தது போல. புதியதில் அலகுத் தகட்டின் மேல்பகுதியை நீட்டி, அரைக்குழலாக வளைத்து, குழாயின் பின்பக்கத்தை 10 செ.மீ. உயரத்துக்கு அணைத்துப் பிடிக்கச் செய்தேன். வெல்டிங் இரண்டு பக்கவாட்டில் நெடுக்காக மட்டும் ஓடும். அரைக்குழலின் மேல்நுனி திடீரென்று முடியாமல் வி வடிவில் குறுகி முடியும். உள்குழாயின் மேல்முனையையும் சாய்வாக வெட்டிவிட்டேன். தடித்த இடமும் மெல்லிய இடமும் ஒரே கோட்டில் சந்தித்தால் அந்தக் கோட்டில்தான் மடியும்.

இந்த முறை குழாய்க்குள் ஆர்கான் நிரப்பித்தான் வெல்டிங். நிரப்புக் கம்பி 308 எல். கார்பன் குறைவான ரகம் என்பதைக் குறிக்கவே அந்த எல். வெல்டிங் சூட்டில், சுமார் 450 முதல் 850 டிகிரிக்குள், குரோமியம் கார்பனோடு சேர்ந்து உலோக மணிகளின் விளிம்புகளில் ஒதுங்கிவிடும். பக்கத்தில் குரோமியம் வற்றிப்போகும், துரு அந்த விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். கார்பன் குறைந்தால் இந்தத் தொல்லையும் குறையும். இரு முனையும் மூடிய குழாயில் கடைசி வெல்டிங்கை முடிக்கும்போது உள்ளே சூடான காற்று விரிந்து உருகிய உலோகத்தை ஊதித் தள்ளிவிடும், ஊசித்துளை விழும். 2 மி.மீ. அளவில் ஒரு துளை போட்டுவிட்டு, எல்லாம் ஆறிய பிறகு அதை மட்டும் ஒரு சொட்டில் அடைத்தேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புகையில் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கும், அது புற்றுநோய் தரக்கூடியது. புகை உறிஞ்சியும் முகமூடியும் இல்லாமல் இந்த வேலையில் யாரும் இறங்க வேண்டாம்.

அரைக்குழலின் வி நுனியை மட்டும் வெல்டு செய்யாமல் விட்டேன். வெல்டு செய்தால் மறுபடி கழுத்தில் சூடு, மறுபடி மெத்தென்ற வளையம். விட்டால் அந்த இடுக்கில் உப்புநீர் தங்கும். இரண்டில் எது குறைந்த தீமை என்று யோசித்து, இடுக்கை எபாக்சிப் பசையால் அடைத்திருக்கிறேன். முழு மனநிறைவு இல்லை.

பழைய அமைப்பில் ஒன்று, புதியதில் ஒன்று எடுத்து, அலகைப் பெரிய வைஸில் கவ்விக் கைப்பிடியை இழுத்தேன். காம்பு நெடுக நூல் பிடித்து, இழுப்பை விட்ட பிறகு எவ்வளவு வளைவு மிச்சம் நிற்கிறது என்று அளந்தேன். பழையது 31 கிலோவில் 2 மி.மீ. வளைவை வைத்துக்கொண்டது, 37 கிலோவில் நெளிந்தே விட்டது. புதியது 50 கிலோ வரை நூலோடு நூலாக நிமிர்ந்தது. 58-இல் 1 மி.மீ. வளைவு நின்றது, அதுவும் கழுத்தில் இல்லை, உள்குழாய் முடியும் இடத்துக்கு மேலே. அங்கே கைப்பிடிக்கு 60 செ.மீ. தூரம்தான், வெல்டிங் சூடும் எட்டவில்லை. கணக்கு சொன்ன இடத்திலேயே வளைந்ததைப் பார்த்தபோது உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. வகைக்கு ஒன்றைத்தான் சோதித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கையால் செய்வதில் ஒன்றுபோல ஒன்று வராது.

மொத்தத்தில் பழையதைவிடச் சுமார் 400 கிராம் கூடுதல். கூடியதில் பாதிக்கு மேல் கழுத்தில் இருப்பதால் தூக்கும்போது பாரம் கீழே நிற்கிறது, மிதிக்கும்போது அது உதவுகிறது.

அலகும் காந்தமும்

கழுத்தைச் சரிசெய்யும்போதே அலகின் விளிம்பையும் பார்த்தேன். கல்லில் பட்ட இடமெல்லாம் மடங்கியிருந்தது. 304-இன் பெரிய குறை இதுதான். 420 ரகத்தைக் காய்ச்சித் தோய்த்தால் நல்ல விளிம்பு நிற்கும், கத்திகள் பல அதில்தான் வருகின்றன. ஒரு அலகு செய்தும் பார்த்தேன். வெல்டிங் பக்கத்தில் எளிதில் வெடிக்கிறது, துருவை எதிர்ப்பதிலும் 304-க்குக் கீழே. ரம்பப் பல் ஒன்று கல்லில் பட்டு உடைந்து தெறித்தது. மடங்கிய பல்லை அரத்தால் நிமிர்த்தலாம், உடைந்த பல்லை என்ன செய்வது?

304-லேயே இருந்துகொண்டு, விளிம்பைச் சூடாக்காமலேயே பட்டறைக்கல்லில் வைத்துச் சுத்தியலால் நெருக்கி அடித்தேன். பத்து அடிக்குப் பிறகு சுத்தியலின் ஓசையே மாறுகிறது, மந்தமாக இருந்தது கணீரென்று ஆகிறது. பிறகு சாணை. ஒரு காந்தத்தை அலகின் நடுவில் வைத்தேன், வழுக்கி விழுந்தது. அடித்த விளிம்பில் வைத்தேன், லேசாக ஒட்டிக்கொண்டது. அடிபட்ட இடத்தில் உலோகத்தின் உள்ளமைப்பு மாறுவதால் வருவது அது. "காந்தம் ஒட்டுதே, இது எவர்சில்வர் இல்லையா?" என்று சிலர் மனம் வருந்திக் கேட்டிருக்கிறார்கள். வளைத்த இடத்தில், அடித்த விளிம்பில் லேசாக ஒட்டினால் கவலை வேண்டாம். தட்டையான நடுப்பகுதியில் பலமாக இழுத்தால்தான் ரகத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

காந்தம் ஒட்டாது என்பதால் டிடெக்டருக்கும் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. எந்த உலோகத்தையும் காயில் உணரும். அலகைக் குழிக்குப் பக்கத்தில் கிடத்திவிட்டு மறுபடி தேடினால் மண்வாரியின் சத்தம்தான் கேட்கும். ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

பழுப்புப் புள்ளிகள்

திரும்பி வந்த கருவியில் வெல்டிங் ஓரமாகப் பழுப்புப் புள்ளிகளும் இருந்தன. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் துருவிலிருந்து காப்பது அதன் மேல் தானாகப் படியும் குரோமியம் ஆக்சைடுப் படலம், சில நானோமீட்டர் கனம்தான். வெல்டிங்கில் வரும் நீலம், பொன் நிறங்கள் அழகாகத் தெரிந்தாலும் அந்தப் படலம் கெட்டுப்போன இடங்கள் அவை. பழைய கருவியில் பார்வைக்கு நன்றாக இருக்கிறதென்று விட்டுவைத்திருந்தேன். இப்போது தேய்த்தெடுத்து, சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் கழுவுகிறேன். இன்னொரு காரணம் என் இரும்புக் கம்பித் தூரிகை. சாதாரண இரும்பைத் தேய்த்த தூரிகையால் எவர்சில்வரைத் தேய்த்தால் இரும்புத் துகள் ஒட்டி, துரு அங்கிருந்து ஆரம்பிக்கும். இரண்டுக்கும் தனித்தனி தூரிகை, தனித்தனி சாணைத் தட்டு என்று பிரித்துவிட்டேன்.

கடற்கரைக்கே போகிறவர்களுக்கு 316 சொல்கிறேன். அதிலுள்ள 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் உப்புநீரின் குளோரைடு அரிப்பை எதிர்க்கிறது. அதையும் நல்ல தண்ணீரில் கழுவித்தான் வைக்க வேண்டும். வறண்ட மேட்டு நிலத்தில் மட்டும் தோண்டுபவர் என்றால், நன்றாகத் தோய்ச்சல் ஏற்றிய கார்பன் எஃகே மேல் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். விளிம்பிலும் சரி, வளைந்து நிமிர்வதிலும் சரி, அதை எவர்சில்வர் தொட முடியாது.

களத்தில்

புதிய மண்வாரியை அந்தத் தம்பியோடு இன்னும் இரண்டு பேருக்குக் கொடுத்து ஒரு மழைக்காலம் முழுக்கத் தோண்டச் சொன்னேன். நெம்பாதீர்கள் என்று சொல்லவில்லை. இதைத்தான் எதிர்பார்க்கிறேன், தயங்காமல் நெம்புங்கள் என்றேன்.

அவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். நல்ல நெம்புகருவி கையில் இருந்தால் ஆழத்தில் இருப்பதையும் ஒரே இழுப்பில் வெளியே கொண்டுவந்துவிடலாம், அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. 1992 நவம்பரில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்ஸன் கிராமத்து வயலில் எரிக் லாஸ் என்பவர் டிடெக்டரோடு இறங்கியது, அங்கே பயிர் செய்த குத்தகை விவசாயி தொலைத்த ஒரு சுத்தியலைத் தேடித்தான். கிடைத்தது ரோமானியப் புதையல். ஏறத்தாழ 15,000 நாணயங்கள், கூடவே பொன், வெள்ளிப் பொருள்கள். முழுவதையும் தானே தோண்டி எடுக்காமல் நிறுத்தி, தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து, பொருள்கள் எந்தப் பெட்டிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பது வரை பதிவு செய்ய முடிந்தது. அந்தச் சுத்தியலும் பிறகு கிடைத்தது, இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஒரே குழியில் இரண்டாவது நாணயம் தலைகாட்டினால் மண்வாரியை எடுத்துத் தள்ளி வைத்துவிடுங்கள் என்றேன். அந்தந்த நாட்டுச் சட்டமும் நிலத்துக்காரரின் அனுமதியும் முன்னமே தெரிந்திருக்க வேண்டியவை.

மழைக்காலம் முடிந்து மூன்றும் பட்டறைக்கு வந்தன. நூல் பிடித்துப் பார்த்தேன். இரண்டில் வளைவே இல்லை. கனமான ஆள் பயன்படுத்தியதில் உள்குழாய்க்கு மேலே அரை மி.மீ. சாயத்தை மறுபடி பூசி, வெள்ளைப் பொடி தெளித்துக் காத்திருந்தேன். கால் மணி நேரம் கழித்தும் மூன்று கழுத்தும் வெள்ளையாகவே இருந்தன. ரம்பப் பற்கள் மழுங்கியிருந்தன, சாணை பிடித்துக் கொடுத்தேன்.

புதிதாக ஒன்று கண்ணில் பட்டது. மூன்றிலும் அலகை மண்ணுக்குள் இறக்கக் கால் வைக்கும் மிதிகளில் வலது பக்கத்தது மட்டும், பூட்ஸ் குதிகால் விழும் இடத்தில், 2 மி.மீ. கீழே சாய்ந்திருக்கிறது. இடது மிதி நேராக இருக்கிறது. மூவருமே வலது காலால் மிதிப்பவர்கள். அடுத்த மண்வாரியில் வலது மிதியின் அடியில் ஒரு முக்கோணத் தாங்கு வைத்து வெட்டியிருக்கிறேன். இடது காலால் மிதிப்பவர் யாராவது கேட்டால், தாங்கை மாற்றி வைக்க வேண்டும்.